பாப் மாமாவா, சித்தப்பாவா?

எழுந்தேன். பல் தேய்த்தேன். காபி போட்டேன். குடித்தேன்.

ஏழு மணிக்கு மாமியார் போன் செய்தார். தினமும் செய்கிறார்.

"கடைசியா என்னப்பா சொன்னா?"

"உங்களைத்தான் விசாரிச்சா அத்தை."

தினமும் அதே கேள்வி, அதே பதில். கொஞ்சம் அழுதுவிட்டு வைத்துவிடுகிறார்.

சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். மனைவி இறந்த பிறகு இன்றுதான் முதல் வகுப்பு.

வேலைக்குப் போகிறவர்களுக்கு, வேலை தொடங்கும் முன், ஆங்கிலம் பேசக் கற்றுத்தருகிறேன். மாடியில் ஒரு அறை. ஒரு மின்விசிறி ஓடும், இன்னொன்று கத்தும்.

பயிற்சி மையத்தின் முதலாளியம்மா கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். எதற்கென்று நேற்றே சொல்லிவிட்டார். என்னால் பாடம் நடத்த முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் வகுப்பை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்.

பலகையின் மூலையில் என் கையெழுத்து அப்படியே இருந்தது. 'பாப்ஸ் யுவர் அங்கிள்.' சுற்றிச் சிவப்பில் கட்டம். கீழே வேறு யாரோ எழுதியிருந்தார்கள்: அழிச்சா கை விளங்காது.

எங்கள் வகுப்பின் வழக்கம் இது. ஒவ்வொரு சொல்லும் தெரிந்திருந்தும் மொத்தமாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காத ஆங்கிலத் தொடர் ஒன்றைத் தினமும் எழுதிப்போடுவேன். மறுநாள் காலையில்தான் விடை. அதுவரை ஊகம்தான். போனில் தேடிப் பார்ப்பவர் துரோகி.

நான் வராத நாட்களில் வந்த வாத்தியார் இதற்கு விடை சொல்லப் போனாராம். மொத்த வகுப்பும் காதைப் பொத்திக்கொண்டதாம்.

வீட்டிலும் இதே ஆட்டம்தான். காலையில் தொடரைச் சொல்வேன். மதியம் மனைவி, தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து போனில் ஊகத்தைச் சொல்வாள். சரியாக இருந்தால் மறுநாள் காபி நான் போட வேண்டும். தப்பாக இருந்தால் அவள். பெரும்பாலும் அவள்தான் போட்டாள்.

'பீஸ் ஆஃப் கேக்' என்றால் மிகச் சுலபம் என்று பொருள். அவளோ, "பங்கு பிரிக்கப் போய்ப் பகையாகிறது" என்றாள். அதை வகுப்பில் சொன்னதும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து, முகம்கூடத் தெரியாத அவள்தான் அந்த வகுப்பில் முதல் மாணவி.

"சார், முதல்ல ஒண்ணு சொல்லுங்க" என்றார் தையல்காரர். "இந்த அங்கிள் மாமாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா? அது தெரியாம எப்படி சார் கண்டுபிடிக்கிறது?"

"இங்கிலீஷ்ல எல்லாரும் ஒண்ணுதான்யா" என்றார் சலூன்காரர். "ஆனா பாப்புங்கறது எங்க தொழில். பாப் கட்டிங். அதை வெட்டிக்கிட்ட மாமா."

"மாமாவுக்கு எதுக்குய்யா பாப் கட்டிங்?"

"மாமிக்கு வெட்டப் போயி, நாற்காலி மாறி உக்காந்துட்டாரு!"

நர்ஸ் மேசையைத் தட்டி எழுந்தாள். "எங்க வார்டுல ஒரு ஆளு இருக்காரு. டாக்டர் நம்ம சித்தப்பாதான், டீன் நம்ம சித்தப்பாதான்னு எல்லார்கிட்டயும் அளப்பாரு. ஊசியைக் கண்டா மட்டும் சித்தப்பா பேரு மறந்துடும். அந்த மாதிரி பீத்தல்தான் சார் இது."

"சித்தப்பா இல்லம்மா, பெரியப்பா" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. முதலாளியம்மா. "கேக்காம வந்து புத்தி சொல்ற பேரு மாதிரி இருக்கே. பெரியப்பாவேதான்."

அறை கொள்ளாமல் சிரித்தார்கள். தையல்காரருக்குப் புரையேறியது. கத்துகிற மின்விசிறிகூடக் கேட்கவில்லை. எனக்கு வயிறு வலித்தது. நானும் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்று கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது.

கிரேன் ஓட்டுநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியூர் வேலை முடிந்து இன்றுதான் திரும்பியவர். அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"அதெல்லாம் விடுங்க சார். இதுக்கு மேடம் என்ன சொன்னாங்க?"

நர்ஸ் அவர் காலை மிதித்தாள். தாமதமாகிவிட்டது. மின்விசிறி மறுபடி கேட்டது.

முதலாளியம்மா பாதி எழுந்து நின்றார். நான் கையைக் காட்டினேன். உட்கார்ந்துவிட்டார்.

பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன். விடை ஒரே வரிதான். கட்டத்துக்குக் கீழே இடமும் இருந்தது. எழுதிவிட்டால் மூலையைத் துடைத்துவிட்டு அடுத்த தொடருக்குப் போகலாம்.

மூடியைத் திரும்பப் போட்டேன்.

"விடை இன்னிக்கு இல்லை" என்றேன். "மேடம் சொன்னதை மட்டும் சொல்றேன்."

மாமியாரிடம் சொல்லாததை அவர்களிடம் சொன்னேன்.

இந்தத் தொடரைப் பலகையில் எழுதிய அன்று காலை அவளிடமும் இதையேதான் சொன்னேன். மதியம் கூப்பிட்டாள். யோசித்து யோசித்துக் கண்ணாடியையே மாற்றிக் கொடுத்துவிட்டாளாம். ஒரு பெரியவர் வேறு யாருடைய கண்ணாடியையோ போட்டுக்கொண்டு, நன்றாகத் தெரிகிறது என்று வாழ்த்திவிட்டுப் போய்விட்டாராம். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பில். பாவமாக இருந்தது. விடையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கத்தினாள். வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கடையிலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கண் திறக்கவில்லை. பிறகும் திறக்கவில்லை.

கத்தியது இதுதான்:

"டேய், சொல்லிடாத! காலைல நானே சொல்றேன். நாளைக்குக் காபி நீதான்."