ஓடைக்கரைக் குற்றம்

"காலடியில ஓடை ஓடுது. கேன் தண்ணி எதுக்குக்கா?"

குடிக்க நீர் கேட்ட கிருபாராணி, அன்னக்கொடி கேனிலிருந்து ஊற்றி நீட்டிய சொம்பை வாங்காமலே நின்றாள்.

"எங்களுக்கு இதான் ஆத்தா. போடியிலருந்து வாரம் ரெண்டு தடவ ஜீப்புல ஏறி வருது," என்றாள் அன்னக்கொடி. "ஓடைத் தண்ணிய வீட்டுல யாரும் தொடுறதில்ல."

இந்த ஓடை நீர் போய்ச் சேரும் போடியில் குழாய் இணைப்புள்ள ஒவ்வொரு வீடும் நீர்க் கட்டணத்தோடு மாதம் பத்து ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறது. ஓடையோரத்து ஏலத்தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்காதவர்களுக்கு அந்தப் பணம் வந்து சேர்கிறது. அன்னக்கொடியின் கணவர் ஒச்சப்பனுக்கு அது இனியும் தொடரலாமா என்று பார்த்துச் சொல்லவே கிருபாராணி மலையேறி வந்திருந்தாள். கையிலிருந்த ஆய்வறிக்கையோ ஓடை நீர் அப்பழுக்கில்லாதது என்கிறது.

"மருந்தடிச்சீங்களா அண்ணே?"

"குலசாமி சத்தியமா இல்ல மேடம்," என்றார் ஒச்சப்பன்.

"மேல மாடு கீடு செத்துக் கெடக்கா?"

"ஐயையோ!"

"பிறகு ஏன் குடிக்க மாட்டேங்குறீங்க?"

கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நம்மள ஆழம் பாக்குறாக. வாயக் குடுத்துறாதீக," என்று முணுமுணுத்தாள் அன்னக்கொடி.

அறிக்கையை நம்புவதா, திருதிருவென்று விழிக்கும் இவர்களை நம்புவதா? கிருபாராணி பேனாவை மூடினாள்.

"உண்மையச் சொல்லலேன்னா கையெழுத்துப் போட மாட்டேன் அண்ணே. பணம் இந்த வருசத்தோட நின்னுரும்."

ஒச்சப்பன் தலையைத் தொங்கப்போட்டார்.

"தப்பு நடந்துருச்சு மேடம். போன மாசம். ஒரே ஒரு நா."

"வேணாம்னு அப்பவே தலபாடா அடிச்சுக்கிட்டேன். இந்த மனுசன் கேட்டாத்தான!" அன்னக்கொடி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

கிருபாராணி பேனாவைத் திறந்தாள். "எத்தன செடிக்கு அடிச்சீங்க?"

"மருந்து அடிக்கல மேடம். அன்னிக்கு மண்ணு சரிஞ்சு ஜீப்பு மேல ஏறல. நாக்கு வறண்டுபோயி, ஓடையில ரெண்டு குடம் மோந்து குடிச்சுப்புட்டோம். போடிக்காரவுக காசு குடுத்து வாங்கிட்ட தண்ணில்ல அது? அந்த ரெண்டு குடத்துக்கு உள்ளதப் பிடிச்சுக்கிட்டு, மிச்சத்தக் குடுக்கச் சொல்லுங்க."