மயிரிழை விரிசல்

அந்தச் சிறிய கம்பெனியில் எல்லோரும் தொலைக்காட்சி முன்னால் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கிளம்பப்போகும் விண்கலத்தில் சுவாசக் காற்றைச் சீராக்கும் சர்க்யூட் போர்டு அவர்கள் செய்தது. ஜெசிந்தா மட்டும் நுண்ணோக்கியை விட்டு நகரவில்லை. அதோடு சேர்த்து அதே மாதிரி செய்த மாற்று போர்டு அதிர்வுச் சோதனை முடிந்து அப்போதுதான் வந்திருந்தது. ஈயத்தை உருக்கி சால்டர் வைத்த இடத்தில் மயிரிழையாக ஒரு விரிசல். அவள் முதலாளியைக் கூப்பிட்டாள்.

முதலாளி கந்தவேல் குனிந்து பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"மேல போறதுல இருக்காதும்மா. இப்ப நிறுத்தச் சொன்னா நம்ம கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்."

"இருந்துட்டா, சார்?"

அவர் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பினார். திரையில் விண்வெளி வீராங்கனை கையசைத்துவிட்டு உள்ளே நுழைந்தாள். ஜெசிந்தா போனை எடுத்து ஏவுதளத்து எண்ணை அழுத்தினாள்.

"சொல்லுங்க" என்றது மறுமுனை.

"குடும்மா, நான் பேசறேன்" என்று கந்தவேல் கையை நீட்டினார். அவள் போனைக் காதோடு இறுக்கிக்கொண்டாள்.