ஒன்பதாவது இன்னிங்ஸ் வேண்டுதல்

"ரேடியோவுக்குள்ளயே போயிடுவ போலிருக்கே!" என்றபடி பக்கத்து வீட்டு டோரிஸ் உள்ளே வந்தாள்.

"உஷ்! பேஸ்பால் மேட்ச், ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ். என் வீட்டுக்காரர்தான் பேட் பண்றாரு." மார்லீன் கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தாள்.

"பத்து வருஷத்துல ஏழு டீம் மாறிட்டாரு வெர்னன். இந்த வெளியூர் டீம்லயாவது நிலைச்சு நிக்கட்டும்." டோரிஸும் சேர்ந்து கண்ணை மூடினாள்.

ரேடியோ அலறியது. வெர்னன் அடித்த பந்து வேலியைத் தாண்டிவிட்டது. அவர் அணி ஜெயித்துவிட்டது!

"உன் வேண்டுதல் பலிச்சிடுச்சுடி!"

மார்லீன் எழுந்தாள். இஸ்திரி போட்டு எடுத்து வைத்திருந்த வெர்னனின் சட்டைகளை மறுபடியும் பீரோவுக்குள் வைத்தாள்.

"எங்கடி பலிச்சுது? இன்னிக்கும் கோட்டை விட்டா, நம்ம ஊரு சின்ன டீமுக்கே திருப்பி அனுப்பிடுவோம்னு சொல்லியிருந்தாங்க. நாளைக்கு வீட்டுக்கு வந்திருப்பாரு."