நாற்பத்தோராவது இதயம்

"நல்லா எண்ணிப் பாத்துட்டேன் சார், நாப்பது பேர்தான்" என்றாள் அறைகளைச் சுத்தம் செய்யும் மரியசெல்வி.

"மெஷின் நாப்பத்தொண்ணுங்குதேம்மா" என்றார் மலைமேல் இருந்த பசுமை விடுதிக்கு மதிப்பெண் போட வந்த அதிகாரி. "நாப்பது இதயத்துக்கு மேல இந்தக் காடு தாங்காது."

இதயத்துடிப்புகளை எண்ணும் அந்தக் கருவியை அவள் வயிற்றருகே கொண்டுவந்தார். அது மினுங்கியது. மூன்று மாதம் முடியட்டும் என்று கணவனிடம்கூட அவள் சொல்லியிருக்கவில்லை.

"கடைசியா வந்த உயிர் இன்னைக்கே மலையை விட்டுப் போயிடணும், அதான் விதி." அவர் மருத்துவ வண்டியை அழைத்தார். "பயப்படாதீங்க, அரைமணி நேரம்தான். நாளைக்கே நீங்க வேலைக்கு வந்துடலாம்."

கொண்டை ஊசி வளைவில் வண்டி ஏறிவரும் சத்தம் கேட்டது. அவள் இரு கைகளாலும் வயிற்றை மூடிக்கொண்டாள்.

"சார், கடைசியா வந்தது நான்தான்னு எழுதிக்குங்க சார்."