பின்பக்கச் சத்தம்

மரக்காணம் உப்பளத்து மண்சாலையில், உப்புக் குவியல்களில் பட்ட நண்பகல் வெயில் கண்ணைக் குத்துகிறது. பின்பக்கம் ஜாக்கியில் தூக்கி நிறுத்திய பழைய அம்பாசிடருக்கு அடியில் மெக்கானிக் கொளஞ்சி படுத்திருக்கிறான். கால்கள் மட்டும் வெளியே தெரிகின்றன. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின்னால் 'டொடக்' என்று கேட்கும் சத்தத்தைத்தான் தேடுகிறான். சுத்தியலால் தட்டியதும் துரு பொலபொலவென்று உதிர்கிறது. "ஸ்பிரிங் பட்டாவைப் புடிச்சிருக்கிற இரும்பே அரிச்சுப்போச்சுங்க. வண்டிய எந்தத் தண்ணியில கழுவுறீங்க?" சவுதியில் எட்டு வருஷம் வெந்து வண்டி வாங்கிய நிஜாமுதீன், அதை ஓட்டும் மைத்துனன் அன்சாரியைப் பார்க்கிறான். "பாத்திக்கு எறைக்கிற மோட்டார் தண்ணியிலதான் மச்சான். தினமும் கழுவி பளபளன்னு வச்சிருந்தேனே." பெருமையாகத்தான் சொல்கிறான். "உப்புத் தண்ணியிலயாடா கழுவுன?" அன்சாரியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, தலையை டிக்கியில் மோதுகிறான் நிஜாமுதீன். மறுபடியும் மோதுகிறான். மூக்கு ரத்தம் வெள்ளைத் தகட்டில் கோடாக வழிகிறது, வண்டி ஆடுகிறது. "யோவ், நான் அடியில இருக்கேன்யா!" கொளஞ்சியின் கத்தல் நிஜாமுதீன் காதில் ஏறவில்லை. இன்னொரு மோதலில் ஜாக்கி சாய்கிறது. நின்ற வண்டியிலிருந்து வருகிறது அந்த டொடக். சட்டை இன்னும் நிஜாமுதீன் பிடியில்தான் இருக்கிறது. வெளியே நீட்டியிருக்கும் கால் ஒன்று மண்ணை உதைக்கிறது, செருப்பு கழன்று விழுகிறது, அப்புறம் உதைக்கவில்லை.