வெளிச்சம் வருகிற ஓட்டைகள்

மீன் ஏற்றி ஏற்றி உப்புநீர் தின்ற பழைய பிக்கப் அது. இருக்கைகளைக் கழற்றி, கண்ணாடிகளைச் சாக்கால் மூடினான் டிங்கர் இசக்கி.

"உள்ள இருட்டுல உக்காந்து, வெளிச்சம் வார ஓட்டைய எல்லாம் சாக்பீஸால வட்டம் போடணும். அப்பந்தான் அடைக்க முடியும்."

"நான் போடுதேன்" என்றார் வண்டிக்காரர் சூசை.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு எல்லாமே புகைமூட்டம். இனி வண்டி ஓட்டுவாரா என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை.

"ஒமக்குச் சோத்துத் தட்டே தெரியல, ஓட்டையா தெரியப்போவுது?" என்றபடி மனைவி மிக்கேலம்மாளும் கூடவே ஏறினாள். இசக்கி கதவைச் சாத்தினான்.

தரையெல்லாம், கதவெல்லாம் வெளிச்சப் புள்ளிகள்.  அவராகவே கண்டுபிடிக்கிறாரா பார்ப்போமென்று, எங்கே என்று சொல்லாமல் மிக்கேலம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சூசையின் கை அந்தரத்தில் தயங்கியது. பிறகு மெல்ல இறங்கி, ஒரு புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டது. பக்கத்தில் இருந்த இன்னொன்றையும் சுற்றியது. அது கடுகளவுதான்.

"அண்ணாச்சி, தார் காய்ச்சியாச்சு. பூசிரலாமா?" வெளியே இருந்து இசக்கி கேட்டான்.

"பொறுடே!" சூசை அந்தக் கடுகுப் புள்ளியை விரலால் காட்டினார். "ஏட்டி, ஒனக்கும் தெரியுதா?"