அப்பா தொடக் கூடாது

"மூச்சை உள்ள இழுக்காத. முகமூடியைச் சரியாப் போடு."

மேசையில் கிடந்ததன் இடுப்பு இரண்டாக முறிந்திருந்தது. அவர் கையுறையோடு குனிந்து, முறிவின் இரண்டு ஓரங்களையும் பொருத்திப் பிடித்தார். "இருபது நிமிஷந்தான் கிடைக்கும். அதுக்கப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

"இதோட நாப்பது தடவை," என்றாள் மனைவி. "மனுஷ உடம்பா இருந்தா எப்பவோ போதும்னு சொல்லியிருக்கும்."

மனுஷ உடம்பு இல்லை. மகள் செய்த மாதிரி விமானம். பதினொரு நாள் காய்ச்சலில் அவள் போய் ஒரு வருஷம் ஆகிறது. இடது இறக்கையின் அடியில் மார்க்கர் பேனாவால் அவள் எழுதியது மட்டும் அழியாமல் இருந்தது: 'அப்பா தொடக் கூடாது'.

தொட்டால் உடைப்பார் என்று அவளுக்குத் தெரியும். அவள் போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏரிக்கரையில் பறக்கவிட்டு உடைப்பார். மறு சனிக்கிழமை வரை அவள் அறையில் உட்கார்ந்து ஒட்டுவார். வேலைக்குப் போவதில்லை. படுப்பதும் அங்கேதான், வெறுந்தரையில்.

இது இருக்கிறவரை இந்த மனுஷன் அந்த அறையைவிட்டு வெளியே வரப்போவதில்லை என்று மனைவிக்குப் புரிந்துவிட்டது. ஆனால் தூக்கிப் போட யாருக்குக் கை வரும்?

இத்தனை நாள் ஒட்டியது வெள்ளைக் கண்ணாடி இழைத் துணி. இந்தத் தடவை அவளே கடைக்குப் போய்க் கறுப்புக் கார்பன் துணி வாங்கி வந்திருந்தாள்.

"கிராஸா வெட்டட்டுமா, நேரா வெட்டட்டுமா?"

"கிராஸா வெட்டு. வளைவுல சுருக்கம் விழாது. தையல்காரிக்கு நான் சொல்லணுமா?"

"ஒரு வருஷத்துல இன்னைக்குத்தான் என் தொழிலுக்கு மரியாதை கிடைச்சிருக்கு."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்குக் கத்தரிக்கோல் ஓடவில்லை. கொஞ்சநேரம் துணியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெட்டினாள்.

ஐம்பது கிராம் ரெசினுக்குப் பதினைந்து கிராம் ஹார்டனர்; கலந்தால் இருபது நிமிஷத்தில் இறுகிவிடும் பிசின். தராசில் நிறுத்துக் கலக்கி, அவர் தூரிகையால் பூசினார். துணி குடித்துக் குடித்துப் பளபளத்தது.

"இதோ இந்த ஒயர்தான் ஆன்டெனா. கார்பன் சிக்னலை விடாது. இது உள்ள மாட்டிக்கிச்சுன்னா, பக்கத்துல இருந்து சொன்னாக் கேக்கும், தள்ளிப் போனாக் கேக்காது."

"அவளை மாதிரியே."

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். பிறகு, "என் கையெல்லாம் பிசின். அந்த ஓட்டை வழியா ஒயரை வெளிய இழுத்துட்டு, மேல துணியைச் சுத்து," என்றார்.

"சரிங்க."

"இழுத்தாச்சா?"

"ஆச்சு, ஆச்சு. நீங்க தூரிகையைக் கழுவுங்க."

ஞாயிறு காலை ஏரிக்கரையில் வேறு யாரும் இல்லை. அவர் விமானத்தின் வயிற்றை விரலால் தட்டிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது.

"இனிமே இது உடையாது. மோதுற மரந்தான் உடையும்."

"மொதல்ல சோதனையை முடிங்க."

சோதனை என்றால், விமானத்தை இயக்கும் கை ரேடியோவின் சக்தியைக் குறைத்துக்கொண்டு முப்பது அடி தள்ளி நின்று விசையை அசைப்பார். விமானத்தின் வால் அசையவேண்டும். அசைந்தால்தான் பறக்கவிடலாம்.

அவள் விமானத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் எண்ணி எண்ணி நடந்து, திரும்பி நின்று விசையைத் தள்ளினார்.

"அசையுதா?"

வால் செத்த மீன் மாதிரி கிடந்தது.

"அசையுது!"

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"அசையுதுங்க! எத்தனை தடவை கேப்பீங்க?"

அவர் உடனே வரவில்லை. ரேடியோவைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே கொஞ்சநேரம் நின்றார். வந்ததும் இறக்கையைத் திருப்பி, மகளின் எழுத்தின்மேல் படிந்திருந்த தூசியைச் சட்டை நுனியால் துடைத்தார். வழக்கமாக விமானத்தை மனைவிதான் வீசுவாள். "இன்னைக்கு நான் விடறேன்," என்று வாங்கிக்கொண்டார்.

வீசியதும் விமானம் ஏறியது. ஏரிப் பக்கமாகத் திருப்பினார். சாய்ந்த இறக்கையைச் சமமாக்கி நேராக நிறுத்தினார். பழைய ரேடியோ அது. சிக்னல் அறுந்தால் விமானம் கடைசியாகச் சொன்னதையே செய்துகொண்டு போகும்.

போனது. தண்ணீருக்கு மேலே, நாணலைத் தாண்டி, எதிர்க்கரையில் ஆளில்லாத பாறைகளைத் தாண்டி, ஒரு கறுப்புக் கோடாகப் போனது. பிறகு புள்ளி. பிறகு அதுவும் இல்லை.

அவர் கத்துவார், ஓடுவார் என்று காத்திருந்தாள். அவர் கட்டைவிரல்கூட அசையவில்லை. மோட்டார் சத்தம் முழுக்க நின்றபிறகு ரேடியோவை அணைத்துப் புல்லில் வைத்தார்.

அவளுக்குத் தாங்கவில்லை. கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தாங்க. ஒயரை வெளிய இழுக்கவே இல்ல. வேணும்னேதான் உள்ள வச்சுச் சுத்தினேன். வால் அசையல, அசையுதுன்னு பொய் சொன்னேன். என்னை அடிச்சுக் கொன்னுடுங்க."

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரொம்ப நாளைக்கப்புறம் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"முப்பது அடிதானே தள்ளி நின்னேன்... வால் அசையலைன்னு எனக்குத் தெரியாதா?"